வாய்க்குள் ஒன்று, முகத்தில் ஒன்று

பெரியப்பாவுக்குச் செயற்கைக் கண் பொருத்திய பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாராட்டைத்தான் சொன்னார்கள்: "தெரியவே இல்லையே!" மனதாரச் சொன்னதுதான். அவரும் தலையாட்டிச் சிரித்துவைப்பார். வந்தவர்கள் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அப்புறம் கண்ணை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தெடுத்து டப்பாவுக்குள் போட்டுவிட்டு, துணித்திரையை நெற்றியில் கட்டிக்கொள்வார். அந்த அவசரம்தான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த ஒன்றை, பார்த்தவர்கள் அத்தனை பேரும் மெச்சிய ஒன்றை, அதைப் போட்டிருக்கிறவர் மட்டும் ஏன் ஒரு நிமிடம் கூடுதலாகப் போட்டிருக்க மாட்டேன் என்கிறார்?

நோய்க்கதையை நீட்டப் போவதில்லை. கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையில் வந்த புற்றுநோய். அந்த இடத்தில் வருவது முதலில் பல்வலி மாதிரியும் சளி மாதிரியும்தான் இருக்கும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் கட்டி வெளியே தெரியாமலேயே வளர இடம் கிடைத்துவிடுகிறது. கண்டுபிடித்தபோது அது மேலே கண்குழியின் தரையைத் தொட்டிருந்தது. மேல்தாடையில் ஒரு பக்கம், அண்ணத்தில் பாதி, இமைகளோடு சேர்த்து ஒரு கண், எல்லாம் போனது. பிறகு கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. உயிர் பிழைத்தார். பிழைத்த பிறகு வந்து சேர்ந்த இரண்டு பொருட்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஒன்று முகத்தில் இருக்கிறது, ஊர் முழுக்கப் பார்க்கிறது. இன்னொன்று வாய்க்குள் இருக்கிறது, ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

யாரும் பார்க்காதது

டாக்டர்கள் அதை ஆப்டுரேட்டர் என்பார்கள். எங்கள் வீட்டில் வெறும் தட்டு. பார்வைக்குப் பல் செட் போலவே இருக்கும்: இளஞ்சிவப்பு அக்ரிலிக், அதில் சில பற்கள், மிச்சமிருக்கும் சொந்தப் பற்களைப் பிடித்துக்கொள்ளக் கம்பிக் கொக்கிகள். வித்தியாசம் மேல்பக்கத்தில். அங்கே உருண்டையாக ஒரு புடைப்பு எழும்பி நிற்கும். அண்ணத்தில் விழுந்த ஓட்டையை அடைப்பது அதுதான். கனமாக இருந்தால் தட்டு கீழே இறங்கிவிடும் என்பதால் அதை உள்ளே வெற்றாகச் செய்கிறார்கள். முழு பாரத்தையும் தாங்குவது மிச்சமிருக்கும் பற்கள்தான். அதனால் மேல்தாடையில் பாதியை இழந்தவருக்கு மீதியுள்ள ஒவ்வொரு பல்லும் சொத்து மாதிரி. பெரியப்பா தன் பற்களை அறுபது வயதுக்கு மேல்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்.

தட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் பாதி மூக்கு வழியே வந்துவிடும். பேச்சு அதைவிட மோசம். 'ப' என்று சொல்ல வாய்க்குள் காற்றை ஒரு நொடி அடைத்து வைக்க வேண்டும். அடைக்க மேலே கூரை இல்லை, காற்று மூக்குக்குப் போய்விடுகிறது. 'ப' 'ம' ஆகிறது, 'ட' 'ண' ஆகிறது, 'த' 'ந' ஆகிறது. "பாட்டு" என்று அவர் சொல்வது நமக்கு "மாண்ணு" என்று கேட்கும். இருமுறை கேட்டு, மும்முறை கேட்டு, கடைசியில் புரிந்த மாதிரி தலையாட்டுவோம். அவருக்கு அது தெரிந்துவிடும். தட்டை மாட்டியதும் அடுத்த வார்த்தையே பழைய குரலில் வரும். மருத்துவத்தில் இவ்வளவு உடனடியாகப் பலன் தரும் வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை.

அது ஒரே தட்டு இல்லை. அறுவை முடிந்து தியேட்டரைவிட்டு வெளியே வரும்போதே முதல் தட்டு வாயில் இருந்தது. காயம் ஆற ஆற ஓட்டையின் வடிவம் மாறும், கரண்ட் வைத்த பிறகு இன்னும் சுருங்கும். அதனால் இடைக்காலத்துக்கு ஒன்று, எல்லாம் அடங்கிய பிறகு நிரந்தரமாக ஒன்று. நிரந்தரம் என்று பேர்தான். சதை அசைய அசைய அதற்கும் அவ்வப்போது உட்பூச்சு போட்டு அளவு சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவே கதிர்வீச்சு பட்ட தாடைத் தசை இறுகிக்கொண்டே வந்தது. வாய் திறக்கவில்லை என்றால் எவ்வளவு நல்ல தட்டு இருந்தும் உள்ளே போகாது. தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டி, வாயைத் திறந்து வைக்கும் பயிற்சி. கண்ணில் நீர் வரும். ஒரு கண்ணில் மட்டும்.

இந்தத் தட்டோடு போராடியவர்களில் பேர்போனவர் சிக்மண்ட் பிராய்ட். 1923-ல் அவருக்கு வாய்ப்புற்று என்று தெரிந்தது. ஹான்ஸ் பிக்லர் என்ற வியன்னா மருத்துவர் மேல்தாடையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, வாயையும் மூக்கையும் பிரிக்க ஒரு பெரிய செயற்கைத் தாடையைச் செய்து கொடுத்தார். 1939-ல் இறக்கும்வரை பிராய்ட் அதோடுதான் வாழ்ந்தார், முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளோடு. அந்தச் சாதனத்துக்கு அவர் வீட்டில் வைத்த பேர் 'ராட்சசன்'. புண்ணாக்கும், வலிக்கும், கழற்றினால் மறுபடி மாட்டுவது பெரும்பாடு. பெண் அன்னாதான் உதவிக்கு. மனித மனத்தைப் பேசவைத்தே குணப்படுத்தலாம் என்று சொன்னவருக்கு, பேசுவதே ஒரு துண்டு ரப்பரை நம்பி நடந்தது. ராட்சசன் என்று திட்டினார், ஆனால் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. பெரியப்பாவும் தட்டைத் திட்டாத நாள் இல்லை. தூங்கும் நேரம் தவிர அதைக் கழற்றிய நாளும் இல்லை.

எல்லோரும் பார்ப்பது

கண்குழியை அப்படியே பள்ளமாக விட்டிருந்தது ஆரம்பத்தில் எங்களுக்குப் பிடிக்கவில்லை. தொடைச் சதையை எடுத்து மூடிவிட்டால் என்ன என்று கேட்டோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: மூடினால் மேடு வரும், கண் வராது. திறந்து மூடும் இமையை எந்த அறுவையாலும் புதிதாகக் கட்ட முடியாது. இன்னொரு காரணமும் சொன்னார். பள்ளம் திறந்திருந்தால் நோய் திரும்புகிறதா என்று நேரடியாகப் பார்க்கலாம், செயற்கைக் கண்ணைத் தூக்கினால் போதும், உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிடலாம். அதைக் கேட்ட பிறகு அந்தப் பள்ளத்தை நான் பார்த்த விதமே மாறிவிட்டது.

கண்ணைச் செய்த விதத்தைப் பார்க்க எனக்கு வாய்த்தது. முதலில் முகத்தில் குழைவான அச்சுப் பொருளை ஊற்றி அளவு எடுத்தார்கள். அதிலிருந்து முகத்தின் வார்ப்பு. அதன்மேல் மெழுகில் இமை, இமை மடிப்பு, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் இன்னொரு கண்ணைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். இப்போது ஸ்கேன் எடுத்து நல்ல பக்கத்தைக் கணினியில் திருப்பிப் போட்டு அச்சிடவும் செய்கிறார்கள். இவருக்குக் கைவேலைதான். கருவிழி தனியாக அக்ரிலிக்கில் வரைந்தது. அதை மெழுகில் பதிக்கும்போது டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து, "நேரே பாருங்க, இல்ல, என்னைப் பாருங்க" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே மூக்கின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் தூரத்தை அளந்தார். இந்தக் கண் இனி ஒரே திசையில்தான் பார்க்கும், எந்தத் திசை என்று இப்போதே முடிவு செய்யவேண்டும் என்றார். கடைசியில் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் முகம் இருக்கும் இடத்தில் நிறுத்தினார்.

நிறம் சேர்ப்பதுதான் பெரிய வேலை. மெழுகில் செதுக்கியதைக் கடைசியில் சிலிகோனில், அதாவது தோல் போன்ற மென்மையான ரப்பரில், வார்ப்பார்கள். அந்தச் சிலிகோனை ஜன்னலோரத்தில் வைத்துக்கொண்டு, துளித்துளியாக நிறம் கலந்து, கன்னத்தோரம் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் எழுந்து போய் டியூப்லைட்டைப் போட்டுப் பார்ப்பார். வெயிலில் ஒத்துப்போன நிறம் விளக்கில் பச்சையடிக்கும். விளக்கில் சரியானது வெயிலில் வெளுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். மேல்தோல் ஒரே நிறமாக இருந்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும் என்று, பொடியாக நறுக்கிய சிவப்பு நூலிழைகளைக் கலந்து தூவினார். தோலுக்கடியில் ஓடும் நுண் ரத்தநாளங்கள் அவை. கண்ணைச் சுற்றிக் கருவளையம் வைத்தபோது பெரியம்மா, "அதைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாமே" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு கண்ணைக் காட்டினார். கடைசியில் இமைமுடிகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி ஏற்றினார்கள்.

அத்தனை நுணுக்கம் இருந்தும் அது இமைக்காது. காலையில் அளவு எடுத்ததால் காலை நேரத்து முகத்தின் திறப்பு அதில் நிலைத்துவிட்டது. பெரியப்பாவின் சொந்த இமை சாயங்காலம் ஆனால் சரிந்துவிடும். செயற்கைக் கண் மட்டும் சுறுசுறுப்பாக விழித்துக்கொண்டிருக்கும். சிரித்தால் கன்னம் மேலே ஏறும், ஓரத்தில் பசை விடும். வியர்த்தால் விடும். வாய்க்குள்ளிருந்து காற்று கசிந்து உள்பக்கம் ஈரமானாலும் விடும். சிலருக்கு வாய் ஓட்டையும் கண் பள்ளமும் உள்ளே ஒன்றாகவே சேர்ந்துவிடுகிறது. அவர்களுக்குத் தட்டையும் கண்ணையும் காந்தத்தால் இணைப்பதும் உண்டு. பசையோடு மல்லுக்கட்டுவது புதிதும் அல்ல. 1566-ல் வாள்சண்டையில் மூக்கை இழந்த வானியலாளர் டைக்கோ பிராகி உலோக மூக்கை ஒட்டிக்கொள்ளப் பசை டப்பாவைக் கூடவே வைத்திருந்ததாகச் சொல்வார்கள். 2010-ல் அவர் கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தவர்கள் அது தங்கமோ வெள்ளியோ அல்ல, பித்தளை என்று முடிவுக்கு வந்தார்கள்.

பசையே வேண்டாம் என்றால் டைட்டானியம் திருகு. எலும்பு டைட்டானியத்தைத் தன்னோடு சேர்த்து வளர்த்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் பிரோனமார்க், 1965-ல் அதைப் பல்லுக்குப் பயன்படுத்தினார். 1970களின் கடைசியில் அது செயற்கைக் காதையும், பிறகு கண் போன்றவற்றையும் பிடித்துவைக்க வந்துவிட்டது. காந்தம் வைத்த திருகு இருந்தால் கண்ணை 'டக்' என்று மாட்டலாம், அதுவே சரியான இடத்தில் போய் உட்காரும். ஆனால் கரண்ட் வைத்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு மெலிதும்கூட. திருகு பிடிக்காமல் போகலாம், எலும்பே அழுகவும் வாய்ப்பு உண்டு. பெரியப்பாவுக்கு வேண்டாம் என்றார்கள். ஆக, பசைதான். தடித்த கண்ணாடிச் சட்டம் ஒன்றையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். ஓரக்கோடு அதன் நிழலில் மறைந்துகொள்ளும்.

சீட்டில் எழுதியது

ஒருநாள் தட்டின் கொக்கி ஒடிந்தது. சரிசெய்து வரக் கொஞ்சநாள் ஆகும். அந்த இடைவெளியில் பெரியப்பா அறையைவிட்டு வெளியே வரவில்லை. பேசவில்லை, ஆட்கள் முன் சாப்பிடவில்லை. அவரைப் பார்க்க நெருங்கிய சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "கண்ணை மாட்டிக்கிட்டு வந்து சும்மா உட்காருங்கண்ணே. பேச வேண்டாம். பார்த்தா ஒண்ணுமே தெரியாது." பெரியப்பா மேசையில் இருந்த சீட்டை இழுத்தார். அந்த நாட்களில் எழுதித்தான் எங்களோடு பேசினார். எழுதி என்னிடம் நீட்டினார், அவரிடம் அல்ல: "கண் உங்களுக்கு. வாய் எனக்கு."

அந்த நாலு வார்த்தையை என்னால் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. முதலில் முழுக்கச் சரி என்றே தோன்றியது. நாங்கள் யாருமே தட்டைப் பற்றி விசாரித்ததில்லை. அளவு சரியாக இருக்கிறதா, புண்ணாகிறதா, கொக்கி தளர்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணைப் பற்றி எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. நிறம், கருவளையம், சட்டம், அதை ஏன் மாட்டவில்லை என்பது வரை. அவர் சாப்பிடுவதும் பேசுவதும் எதை நம்பி நடக்கிறதோ அது எங்கள் கண்ணில் படவில்லை. எங்களைத் தர்மசங்கடத்திலிருந்து காப்பாற்றுவதுதான் பெரிதாகப் பட்டது.

முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917-ல் தனி மருத்துவமனை திறந்தார்கள். முகச் சீரமைப்பு மருத்துவர் ஹெரால்டு கில்லிஸ் அங்கேதான் அறுவை செய்தார். மருத்துவமனையிலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்களாம். அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் மனம் சங்கடப்படலாம் என்று வழிப்போக்கர்களுக்கு முன்னெச்சரிக்கை. உட்காருகிறவருக்கு வசதி ஒன்றும் இல்லை, நடந்துபோகிறவருக்குத்தான் வசதி. பெரியப்பாவின் சீட்டைப் படித்தபோது எனக்கு அந்த பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. அதே காலத்தில் பாரிஸில் அன்னா கோல்மன் லாட் என்ற சிற்பி, மெல்லிய செம்புத் தகட்டில் முகமூடிகள் செய்து சிப்பாய்களின் தோல் நிறத்துக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தார். வெயிலுக்கும் மேகமூட்டத்துக்கும் நடுவே ஒரு நிறத்தை அவரும் தேட வேண்டியிருந்தது. அந்த முகமூடிகளைப் போட்டுக்கொண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. முகமூடி மட்டும் அப்படியே இருந்தது.

ஆனாலும், யோசிக்க யோசிக்க, பெரியப்பா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காரணம் அவரே நடந்துகொண்ட விதம். அலுவலகங்களுக்குத் தனியாகப் போகும்போது அவர் கண்ணை மாட்டாமல் போனதில்லை. வெறும் துணித்திரையோடு போனால் கவுண்டரில் இருப்பவர் முதலில் திரையைப் பார்ப்பார், அப்புறம் பார்க்காத மாதிரி பார்ப்பார், கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்பார். வந்த வேலை அதற்குப் பிறகுதான். கண் மாட்டியிருந்தால், எதிரில் இருப்பவர் பேச்சைத் தொடங்கிவிடுகிறார். ஏதோ சரியில்லை என்று கவனிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். இமைக்காத கண்ணை மேசைக்கு எதிரே உட்கார்ந்து அதிக நேரம் யாராலும் கவனிக்காமல் இருக்க முடியாது. அது தேவையும் இல்லை. முதல் சில நொடிகள் போதும். நோயாளியாக இல்லாமல், வேலையாக வந்த ஒரு ஆளாக உள்ளே நுழைய அது வழிவிடுகிறது. அதனால்தான் "தெரியவே இல்லை" என்ற பாராட்டு எனக்கு அளவுகோலாகவே படவில்லை. தெரியத்தான் செய்யும். எப்போது தெரிகிறது என்பதில்தான் விஷயம்.

இதை அவரிடமே சொன்னேன், தட்டு திரும்பி வந்து அவருக்குக் குரலும் வந்த பிறகு. "அதுவும் அவங்களுக்குத்தானேம்மா? அவங்க தடுமாறக் கூடாதுன்னுதான நான் மாட்டிக்கிறேன்" என்றார். "அவங்க தடுமாறலைன்னா உங்க வேலை நடக்குதுல்ல?" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். அவர் வழக்கம் அது.

அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு 2006-ல் புற்றுநோயால் கீழ்த்தாடை போனது. பேச்சும் போனது. 2011-ல் தன் புதிய டிவி நிகழ்ச்சிக்காக ஒரு சிலிகோன் தாடையைச் செய்துகொண்டார். யாரையும் ஏமாற்றுவதற்காக இல்லை, என் முகம் எப்படி இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும் என்ற பொருளில் அவரே எழுதினார். மறைக்கப் போடவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் போட்டவர் அவர். எனக்குப் பிடித்த நிலைப்பாடு அதுதான். எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பது போடுகிறவர் பாடு. பெரியப்பா வீட்டில் துணித்திரையோடு இருக்கிறார், எங்களோடு சாப்பிடும்போதும்தான். அவரை மாட்டச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன், மற்றவர்களையும் நிறுத்தச் சொன்னேன். சிலர் நிறுத்தினார்கள்.

இதற்கு மறுகோடியும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். "அதான் உயிர் பிழைச்சாச்சே, முகத்துக்கு என்ன அழகு வேண்டிக்கிடக்கு" என்று செயற்கைக் கண்ணையே வீண் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அழகு சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள், வெளியே போகவே தயங்கி வருஷக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாட்டவேண்டாம் என்று முடிவு செய்வதற்கும் முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்குத் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது அந்தக் கண்ணுக்கு வயதாகிவிட்டது. சிலிகோன் இப்படித்தான்: வெயில், வியர்வை, எண்ணெய்ப்பசை, தினம் கழுவுவது எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷத்திலேயே நிறத்தை மாற்றிவிடும். மெல்லிய ஓரங்கள் பசையை உரிக்க உரிக்கக் கிழிந்துவிடும். புதிது செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. பெரியப்பா உடனே தட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, இடது ஓரம் அழுத்துகிறது, முதலில் இதைப் பாருங்கள் என்று சைகை காட்டினார். அழுத்தும் இடத்தை டாக்டரம்மா ராவித் தேய்த்துக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிப் பார்த்தார் பெரியப்பா. 'ப' சரியாக விழுந்தது. அதன் பிறகுதான் கண் பேச்சுக்கு வந்தார். "இந்தத் தடவை சாயங்காலமா அளவு எடுங்க டாக்டர். இமையைக் கொஞ்சம் இறக்கி வைங்க. நான் தூங்கி வழியறப்ப அது மட்டும் முழிச்சுக்கிட்டிருக்குன்னு பேரப்பசங்க கேலி பண்றாங்க."

சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் போதாது, நிறம் சேர்க்க முடியாது என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். காலையிலேயே வாருங்கள், இமையை மட்டும் என் கணக்குக்கு இறக்கி வைக்கிறேன் என்றார். எவ்வளவு இறக்குவது என்பதில் இருவரும் அப்போதே பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.